அடிமையை விற்றவர் அடிமையானார்
அய்யூப் பின் சுலைமானின் வாழ்க்கை தரும் படிப்பினை

அடிமைத்தளையில் சிக்கிய ஒரு கழுத்தை விடுவிப்பதை, ஏறுதற்கரிய கணவாயில் ஏறுவதற்கு ஒப்பிடுகிறது திருமறையின் 90ஆம் அத்தியாயம். ஜகாத் நிதியைப் பெறத்தக்க எட்டு வகையினருள் விடுதலை பெற வேண்டிய அடிமைகளும் ஒருவகையினர் ஆவர். தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் முறித்துவிட்ட சத்தியத்துக்கும் பரிகாரங்களுள் ஒன்றாக அடிமையை உரிமை விடுவதை மார்க்கம் விதித்தது. ஹள்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் பொருள் கொடுத்து மீட்ட ஹள்ரத் பிலால் (ரலி) அவர்கள், மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீதேறிப் பாங்கு முழங்கிய செய்தியை நம் இல்லங்களின் சிறு குழந்தைகளும் அறிவார்கள்.

இவற்றையெல்லாம் நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். உரைப்பது தகும். ஆயினும் அந்தக் கணவாயை நாம் உண்மையிலேயே ஏறினோமா என்ற வினாவை நம்மிடமே கேட்டுக்கொள்வது அரிது. அடிமைமுறையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ரோமாபுரியையும் மேலைநாட்டுக் கப்பல்களையும் சுட்டிக்காட்டி நிறுத்திக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. பிறர் குற்றத்தைச் சொல்வது எளிது. நம் குற்றத்தை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அதற்குத் துணைபுரியும் ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, அமெரிக்காவில் அடிமையாக உழைத்து, இலண்டன் அரசவையில் மதிக்கப்பெற்று, மீண்டும் தாயகம் திரும்பிய அய்யூப் பின் சுலைமானின் வரலாறே அது.

புண்டு நாட்டின் இமாம் குடும்பம்

இன்றைய செனகல் நாட்டின் கிழக்குப் பகுதியில் புண்டு என்றொரு சிற்றரசு இருந்தது. அங்கு வாழ்ந்த ஃபுலானி இனத்தைச் சேர்ந்த மார்க்க அறிஞர் குடும்பமொன்றில், ஏறத்தாழ 1701ஆம் ஆண்டில் அய்யூப் பிறந்தார். ஜல்லோ என்பது அவர்தம் குலப்பெயர். பாட்டனார் இப்ராஹீம் அவ்வூரை நிறுவியவர். தந்தையார் சுலைமான் அங்கே இமாமாக விளங்கினார். இளமையிலேயே திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த அய்யூப், பதினைந்து வயதிலேயே தந்தையாருக்குத் துணையாகத் தொழுகை நடத்தும் தகுதியைப் பெற்றார். உரிய காலத்தில் மணம் புரிந்து மக்களையும் பெற்றார்.

பாட்டனார் இப்ராஹீம் ஊரை நிறுவியபோது ஒரு சட்டம் வகுத்திருந்தார். அடைக்கலம் தேடி அங்கு ஓடி வருபவர் எவரும் அடிமையாக்கப்படலாகாது என்பது அச்சட்டம். எழுத்தறிந்து இறைவனை அறிந்தவர் அனைவருக்கும் அந்தப் பாதுகாப்பு உரியதாயிற்று. அடிமை வேட்டை மலிந்திருந்த நிலப்பரப்பில் அத்தகைய சட்டம் ஒன்று நிலவியது சிறப்பேயாகும். ஆனால் அச்சட்டம் ஒரு வட்டத்தையும் வரைந்துவிட்டது. வட்டத்தின் உள்ளே இருந்தவர் மனிதர். வெளியே நின்றவர் விலைப்பொருள். அந்த வட்டம் எத்துணை மெல்லிய கோடு என்பதை இப்ராஹீமின் பேரனே ஒருநாள் அறிய நேர்ந்தது.

ஆற்றைக் கடந்த பயணம்

காம்பியா ஆற்றில் ஆங்கிலக் கப்பல் ஒன்று வந்து நிற்பதாகத் தந்தையாருக்குச் செய்தி எட்டியது. அது 1730ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என்று அக்கால ஆங்கிலக் குறிப்பு கூறுகிறது. இன்றைய ஆண்டுக் கணக்கில் அது 1731 ஆகும். இரண்டு அடிமைகளை விற்று, எழுதுவதற்குக் காகிதமும் வேறு சில தேவைப் பொருள்களும் வாங்கி வருமாறு சுலைமான் தம் மகனை அனுப்பினார். ஆற்றின் மறுகரை பகைவர்களான மண்டிங்கோ இனத்தாரின் நாடு. ஆதலால் அதைக் கடக்க வேண்டாமென்றும் எச்சரித்திருந்தார்.

இங்குச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இறைவேதத்தை எழுதவும் கற்பிக்கவும் அந்த இல்லத்தில் காகிதம் தேவைப்பட்டிருக்கும். அதற்கு விலையாகக் கொடுக்கப்படவிருந்தவர்கள் இரண்டு மனிதர்கள். தந்தையும் மகனும் நாள்தோறும் ஐவேளை தொழுதவர்கள், ஏழைக்கு இரங்கியவர்கள், மார்க்கச் சட்டத்தை நன்கு அறிந்தவர்கள். அவ்விருவர் நெஞ்சிலும் அன்று உறுத்தல் எதுவும் எழுந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை.

ஆங்கிலக் கப்பல் தலைவர் பைக் என்பவருடன் விலை படியவில்லை. அய்யூப், மண்டிங்கோ மொழி அறிந்த லமீன் என்பவரைத் துணையாகக் கொண்டு, தந்தையின் சொல்லை மீறி ஆற்றைக் கடந்தார். மறுகரையில் அவ்விரு அடிமைகளையும் விற்றுச் சில மாடுகளைப் பெற்றுக்கொண்டார். திரும்பும் வழியில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இளைப்பாற அமர்ந்தபோது, வெயிலின் கொடுமையால் தம் வாளையும் அம்பறாத்தூணியையும் கழற்றி மாட்டிவைத்தார். கொள்ளையடித்துப் பிழைக்கும் கூட்டமொன்று பின்வாயில் வழியே புகுந்து அவரையும் லமீனையும் பிடித்துக் கட்டியது.

பிடித்தவர்கள் முதலில் செய்த வேலை, இருவர் தலைமயிரையும் தாடியையும் மழித்ததாகும். போரில் சிறைபட்டவர்கள் என்று காட்டுவதற்கே அவ்வாறு செய்தனர். பிறகு இருவரையும் கொண்டுபோய் விற்ற இடம், சில நாள்களுக்கு முன் அய்யூப் விலை பேசிய அதே பைக்கின் கப்பல். தாம் யாரென்பதை அய்யூப் எடுத்துரைத்தார். மீட்புப் பொருள் கொடுத்து விடுதலை பெறப் பைக்கும் இசைந்தார். ஆனால் தந்தையாரின் ஊர் இரண்டு வாரப் பயணத் தொலைவில் இருந்தது. ஆள் திரும்பி வருமுன், ஏறத்தாழ ஒரு வாரத்தில் கப்பல் பாய்விரித்துவிட்டது.

விடுதலை பெற்ற மனிதனைப் பிடித்து விற்று அந்த விலையை உண்பவனுக்கு எதிராக, மறுமை நாளில் தானே வழக்காடப்போவதாக இறைவன் அறிவித்திருப்பதை அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். அந்த நபிமொழியின் பொருளைக் கப்பலின் அடித்தட்டில் கிடந்த அந்த நாள்களில் அய்யூபைப் போல் உணர்ந்தவர் சிலரே இருப்பர்.

மேரிலாந்துக் காட்டில் ஒரு தொழுகை

வட அமெரிக்காவின் மேரிலாந்து அன்று ஆங்கிலேயரின் குடியேற்ற நாடு. அங்குள்ள அன்னாபோலிஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்ட அய்யூபை, கெண்ட் தீவைச் சேர்ந்த டோல்சி என்ற பண்ணைக்காரர் வாங்கினார். புகையிலைத் தோட்ட வேலை, ஏடும் எழுதுகோலும் பிடித்த அந்தக் கைகளுக்கு இயலவில்லை. ஆகவே மாடு மேய்க்கும் பணி கொடுக்கப்பட்டது. மாடுகளை மேயவிட்டுக் காட்டுக்குள் ஒதுங்கித் தொழுவார். வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் அதை ஒளிந்திருந்து பார்த்து ஏளனம் செய்வான். ஸஜ்தாவில் இருப்பவரின் முகத்தில் மண்ணை வாரி எறிவான்.

அந்த நாட்டின் சட்டங்களையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். கறுப்பின அடிமைகள் வாழ்நாள் முழுவதும் அடிமைகளே என்று மேரிலாந்து சட்டமன்றம் 1664ஆம் ஆண்டில் விதித்தது. ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைத்தளை நீங்காது என்று 1671ஆம் ஆண்டில் மற்றொரு சட்டம் இயற்றியது. ஏசுநாதரைப் போற்றிய மக்களே இச்சட்டங்களை இயற்றினர். புண்டு நாட்டார் சமயத்தையும் எழுத்தறிவையும் கொண்டு வரைந்த வட்டத்தை, இவர்கள் தோலின் நிறத்தைக் கொண்டு வரைந்தனர். சமயத்தின் வட்டத்துக்குள் ஒருவன் நுழைந்துவிட வழியுண்டு. நிறத்தின் வட்டத்துக்குள் நுழைய வழியே இல்லை. அந்த வகையில் இது மேலும் கொடியது. எனினும் வட்டத்துக்கு வெளியே நின்று விலைபோனவனுக்கு இந்த வேற்றுமையால் ஆன பயன் யாது?

துன்பம் பொறுக்காமல் அய்யூப் தப்பியோடினார். 1731ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிடிபட்டுச் சிறையில் அடைபட்டார். வழக்கறிஞரும் பாதிரியாருமான தாமஸ் புளூயெட் அங்கு அவரைக் கண்டார். மொழி புரியவில்லை. மதுவைக் கொடுத்தபோது மறுத்ததையும், அல்லாஹ்வின் பெயரையும் நபிகள் நாயகத்தின் (ஸல்) பெயரையும் மொழிந்ததையும் கண்டு, அவர் முஸ்லிம் என்பதை அவர்கள் உணர்ந்தனர். பின்னர் ஜோலோஃப் மொழி அறிந்த முதிய அடிமை ஒருவரை அழைத்து வந்து அவர் கதையைக் கேட்டறிந்தனர்.

எஜமானரிடம் திருப்பி அனுப்பப்பட்ட அய்யூபுக்கு, இம்முறை தொழுவதற்கு ஓரிடம் ஒதுக்கிக் கொடுக்கப்பட்டது. அவர் தம் தந்தையாருக்கு அரபு மொழியில் ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதம் ஆப்பிரிக்காவைச் சேரவில்லை. கை மாறி மாறி இலண்டனில் ஜேம்ஸ் ஓகல்தார்ப் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பார்வைக்கு வந்தது. அவர் அதை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி மொழிபெயர்க்கச் செய்தார். மனம் உருகி, அய்யூபை இலண்டனுக்கு வரவழைக்க 45 பவுனுக்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

இந்த ஓகல்தார்ப் அப்போது ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் உயர் பொறுப்பு வகித்தவர். அட்லாண்டிக் கடல்வழியே வேறெந்தத் தனி நிறுவனத்தையும்விட மிகுதியான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கம்பெனி அது. அதே ஓகல்தார்ப் நிறுவிய ஜார்ஜியா குடியேற்றத்தில் 1735ஆம் ஆண்டு முதல் அடிமைமுறை தடை செய்யப்பட்டது. குடியேறியவர்களின் பொருளாசை வென்றதால், 1751ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டது. ஒரே மனிதரின் வாழ்விலும் ஒரே நாட்டின் வரலாற்றிலும் இருளும் ஒளியும் இவ்வாறு கலந்தே கிடக்கின்றன.

இலண்டன் அளித்த மரியாதை

1733ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அய்யூப் இலண்டனை அடைந்தார். கடற்பயணத்தின்போதே ஆங்கிலம் கற்றார். தம் கையால் அறுத்த இறைச்சியையன்றி வேறு இறைச்சியை உண்ணவில்லை. மீண்டும் எவரேனும் தம்மை விலைக்கு வாங்கிவிடுவாரோ என்று அஞ்சியிருந்த அவருக்காக, நண்பர்கள் பொருள் திரட்டி முழு விடுதலைப் பத்திரத்தைப் பெற்றுத் தந்தனர். திருக்குர்ஆனை எந்தப் பிரதியையும் பாராமல் நினைவிலிருந்தே மூன்று முறை முழுமையாக எழுதி முடித்தார். அறிஞர் ஹான்ஸ் ஸ்லோனுக்கு அரபு எழுத்துகளைப் படித்து விளக்குவதில் உதவினார். அரச குடும்பத்தினரைக் கண்டார். அரசியார் அவருக்குப் பொற்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தார்.

வில்லியம் ஹோர் என்ற ஓவியர் அவரை வரைய முன்வந்தபோது, தம் நாட்டு உடையிலேயே வரைய வேண்டுமென்று அய்யூப் கேட்டார். கண்ணால் காணாத உடையை எங்ஙனம் வரைவது என்று ஓவியர் தயங்கினார். அப்படியானால் எவருமே கண்டிராத இறைவனை உங்கள் ஓவியர்கள் சிலர் வரையத் துணிவது எங்ஙனம் என்று அய்யூப் திருப்பிக் கேட்டார். கழுத்தில் திருக்குர்ஆன் பிரதி தொங்க, வெண்ணிற உடையும் தலைப்பாகையுமாக அவர் காட்சி தரும் அந்த ஓவியம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

விருந்தோம்பிய இலண்டன் பெருமக்களின் பண்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அய்யூப் கற்றவர் என்பதற்காகவும் உயர்குடிப் பிறந்தவர் என்பதற்காகவும் அவர்கள் அவரை மதித்தனர். ஆனால் கல்லாதவர்களும் எளிய குடியில் பிறந்தவர்களுமான பல்லாயிரம் பேரை அவர்கள் நாட்டுக் கப்பல்கள் அதே ஆண்டுகளில் கரும்புத் தோட்டங்களுக்கும் புகையிலைத் தோட்டங்களுக்கும் ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. அட்லாண்டிக் அடிமை வாணிபம் நீடித்த மூன்றரை நூற்றாண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்கக் கப்பல்களில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்றும், அவர்களுள் 18 லட்சம் பேர் வரை கடலிலேயே மாண்டனர் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருவருக்குக் கதவு திறந்தது. கதவைத் திறந்த கையே மற்றவர்களுக்கு அதை அடைத்தும் வைத்திருந்தது.

தாயகம் திரும்பிய பின்

1734ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அய்யூப் காம்பியா ஆற்றங்கரையில் மீண்டும் காலூன்றினார். கம்பெனி அலுவலர் பிரான்சிஸ் மூர் அவருடன் ஆற்றுவழியே சென்று, கண்டவற்றை நூலாக எழுதி வைத்துள்ளார். வழியில் ஓர் ஊரில், தம்மைப் பிடித்து விற்ற கூட்டத்தாரையே அய்யூப் எதிரில் கண்டார். சினம் பொங்கி ஆயுதத்தை எடுக்க முனைந்த அவரை மூர் தடுத்து அமர்த்தினார். பேச்சுக் கொடுத்தபோது ஒரு செய்தி தெரியவந்தது. அய்யூபுக்கு விலையாகக் கிடைத்த பொருள்களுள் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தது. அதை அவர்களுடைய மன்னன் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்திருந்தான். ஒருநாள் அது தானே வெடித்து, குண்டு தொண்டையில் பாய்ந்து அவன் மாண்டான். இதைக் கேட்டதும் அய்யூப் மண்டியிட்டு நன்றி செலுத்தினார்.

புண்டுவிலிருந்து வந்த செய்திகள் துயரம் நிறைந்தவை. தந்தையார் மறைந்துவிட்டார். ஆயினும் மகன் விடுதலை பெற்ற செய்தி கண்மூடுமுன் அவரை எட்டியிருந்தது. போர்களால் நாடு பாழ்பட்டு, கால்நடைகள் அழிந்துபோயின. மனைவியருள் ஒருவர் வேறொருவரை மணந்துகொண்டிருந்தார். தந்தைக்காகக் கதறி அழுத அய்யூப், மனைவியிடம் சினங்கொள்ளவில்லை. போனவர் எவரும் திரும்பி வராத நாட்டுக்குத் தாம் போயிருந்ததால், தாம் இறந்துவிட்டதாக அவர் கருதியதில் பிழையில்லை என்று பொறுத்துக்கொண்டார். பொறுமைக்குப் பெயர்பெற்ற நபி அய்யூப் (அலை) அவர்களின் பெயரைத் தாங்கியவர், அப்பெயருக்கு ஏற்பவே நடந்துகொண்டார்.

தம்முடன் பிடிபட்டு மேரிலாந்தில் அடிமையாகத் தவித்த லமீனையும் அவர் மறக்கவில்லை. இலண்டன் நண்பர்களின் உதவியால் லமீன் மீட்கப்பட்டு, 1738ஆம் ஆண்டில் தாயகம் வந்து சேர்ந்தார்.

இத்துணை நற்பண்புகள் அமைந்த ஒருவரின் வாழ்க்கையில், நம் நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்றையும் மூர் பதிவு செய்திருக்கிறார். ஊர் திரும்பிய அய்யூப், தம்மிடமிருந்த சரக்குகளில் ஒரு பகுதியைக் கொடுத்து இரண்டு குதிரைகளையும் ஓர் அடிமைப் பெண்ணையும் வாங்கினார்.

விலங்கின் கனத்தை அறிந்தவர் அவர். ஸஜ்தாவில் முகத்தில் மண்விழும் இழிவை அறிந்தவர். சூழ்ந்திருந்தோர் பேச்சு ஒன்றும் விளங்காத ஊரில் சிறைப்பட்டுத் தனித்திருக்கும் கொடுமையை அறிந்தவர். ஆயினும், நேர்ந்த அநீதி தம்மை அடிமையாக்கியதேயன்றி, மனிதனை அடிமையாக்குவதே அநீதி என்று அவர் கருதியதாகப் புளூயெட்டின் நூலிலோ மூரின் நூலிலோ ஒரு வரியும் இல்லை. அவரைப் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. மறைந்தோரின் கணக்கு இறைவனிடம் உள்ளது. அவர் காலத்து நல்லோர் பலரும் அவ்வாறே வாழ்ந்தனர் என்பதுதான் அஞ்சத்தக்க உண்மை.

துலாக்கோலின் இரு தட்டுகள்

அய்யூப் 1773ஆம் ஆண்டில் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில், ஃபூட்டா நாட்டில் மார்க்க அறிஞர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். அவர்களுள் அல்மாமி அப்துல் காதிர், தம் நாட்டின் வழியே அடிமைகளைக் கொண்டு செல்வதைத் தடை செய்தார். துனிசியாவின் அஹ்மத் பே 1846ஆம் ஆண்டில் அடிமைமுறையை ஒழித்தார். பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அதை முடிவாக ஒழித்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே. இவை நம் பெருமைகள்.

துலாக்கோலின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். பஸ்ராவின் சதுப்பு நிலங்களில் வதைபட்ட கறுப்பின அடிமைகள் 869ஆம் ஆண்டில் அப்பாஸிய அரசை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து பதினான்கு ஆண்டுகள் போரிட்டனர். சான்ஸிபார் சுல்தானின் அடிமைச் சந்தை 1873ஆம் ஆண்டு வரை நடந்தது. ஆங்கிலேயரின் வற்புறுத்தலால்தான் அது மூடப்பட்டது. சவூதி அரேபியா 1962ஆம் ஆண்டிலும், மௌரிடானியா 1981ஆம் ஆண்டிலுமே அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தன. கணவாயைக் காட்டிய வேதம் நம் கையில் இருந்தும், பல நூற்றாண்டுகள் அதன் அடிவாரத்திலேயே நாம் கூடாரமிட்டிருந்தோம்.

ஆங்கிலேயர் தட்டும் அவ்வாறே. 1807ஆம் ஆண்டில் அடிமை வாணிபத்தையும், 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் தம் குடியேற்றங்கள் பெரும்பாலானவற்றில் அடிமைமுறையையும் ஒழித்தனர். அப்போது இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுன், அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கே சென்றது. தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதற்காக வாங்கிய கடனின் இறுதிப் பகுதி 2015ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது. மேரிலாந்தில் அடிமைத்தளை அறுந்தது 1864ஆம் ஆண்டில்.

ஆகவே எந்தச் சமுதாயம் குறைந்த குற்றமுடையது என்று வழக்காடுவதில் பயனில்லை. ஒவ்வொன்றும் தன்னவரைச் சுற்றி ஒரு கோடு கிழித்துக்கொண்டு, கோட்டுக்குள் நீதியாய் வாழ்ந்துவிட்டதாக நிறைவடைந்தது. தன்னவன் விலைபோனால் மட்டுமே அதற்குக் கொடுமை தெரிந்தது.

அய்யூபின் பெயரை வரலாறு காத்துவைத்திருக்கிறது. அவர் திருவுருவத்தையும் காத்துவைத்திருக்கிறது. காகிதம் வாங்குவதற்காக அழைத்துச் செல்லப்பட்டு மாடுகளுக்கு விலையான அந்த இருவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சிறைக்கு வந்து அவருக்காக மொழிபெயர்த்த முதிய அடிமையின் பெயரும் இல்லை. குதிரைகளோடு சேர்த்து வாங்கப்பட்ட பெண்ணின் பெயரும் இல்லை. ஆயினும் எதையும் விட்டுவிடாத ஏடு ஒன்று உண்டென்று நாம் ஈமான் கொண்டுள்ளோம். அந்த ஏட்டில் அவர்கள் பெயர் இருக்கும்.

சந்தையில் மனிதரை விற்கும் காலம் சட்டத்தால் முடிந்தது. ஆனால் முன்பணக் கடனுக்காகத் தலைமுறையை அடகு வைத்து உழைப்போர் இன்னும் உள்ளனர். கடவுச்சீட்டைப் பறிகொடுத்து அயல்நாட்டு வீடுகளில் அடைபட்டு உழைப்போர் உள்ளனர். நம் கடைகளிலும் இல்லங்களிலும் பணிபுரிவோரும் உள்ளனர். உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். இன்று ஜும்ஆத் தொழுது இல்லம் திரும்பும் நாம், நம்மிடம் வேலை செய்வோருள் எவரையேனும் நம் கோட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்போமாக. ஏற வேண்டிய கணவாய் நம் வாசலிலேயே தொடங்குகிறது.